ஹீற்றரைப் பைபாஸ் பண்ணுமுன்

மாசி மாதம் கரைத்தீவுக்குப் போயிருந்தபோது ஒரு பழைய டொல்பின் வானைப் பார்க்கச் சொன்னார்கள். பின் சீற்றுகளைக் கழற்றி, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தி, கல்பிட்டிக்கு வரும் வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடும் வான். "நுவரெலியாவுக்குக் கொண்டு போனாங்க நானா. குளிருக்கு ஹீற்றரைப் போட்டதும் பாணி காய்ச்சின மாதிரி மணம், கண்ணாடி உள்ளால எண்ணெய் பூசின மாதிரி" என்றார் வான்காரர். இடப்பக்கக் கம்பளத்தைத் தூக்கினேன். அடியிலிருந்த பஞ்சு பச்சையாக ஊறிக் கிடந்தது. விரலில் தேய்த்தால் வழுக்கியது.

வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஹீற்றர் கோர் ஒழுகுகிறது, மணம் கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கோலுடையது. ஏசியின் வடிகால் குழாய் அடைத்தாலும் இதே இடம்தான் நனையும். ஆனால் அது வெறும் தண்ணீர், வழுக்காது, மணந்தால் பூஞ்சை மணம்தான். இதைப் பார்க்காமல் டேஷ்போட்டை முழுதாகக் கழற்றியவர்கள் உண்டு. நானும் ஒருமுறை.

நம் வழக்கமான வைத்தியம், எஞ்சின் பக்கம் இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவது. கரையோரத்தில் ஹீற்றர் யாருக்கு வேண்டும்? அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு வாயையும் தனித்தனியே அடைத்துவிடுவது வேறு காரியம். சில எஞ்சின்களில் தேமோஸ்ரற் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றும் வழிகளில் ஹீற்றர் ஹோஸும் ஒன்று. லீக் அடைக்கும் தூளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை.

என் மனக்குறை வேறு. கோர் ஏன் ஓட்டையானது என்று நாம் கேட்பதேயில்லை. அந்த வானின் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கழுத்தெல்லாம் வெள்ளைப் பொருக்கு. என்ன ஊற்றுகிறீர்கள் என்றேன். "கிணத்துத் தண்ணிதான், கொஞ்சம் பச்சை விட்டு." வண்ணாத்திவில்லுப் பக்கம் நிலமே சுண்ணாம்புக் கல். அருவக்காட்டில் வெட்டும் கல்தான் ரயிலேறிப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. அந்தக் கல்லில் ஊறிய தண்ணீரை எஞ்சினில் காய்ச்சினால், கேத்தலின் அடியில் படிவதுதான் இங்கேயும் படியும். கடலோரக் கிணற்றின் உப்பும் சேர்ந்தால் அலுமினியக் கோரில் ஊசிமுனைக் குழிகள் விழும். பழைய பித்தளைக் கோரில் ஈயப்பற்று அரிக்கும். ஹீற்றர் கோரின் சுவர் மெல்லியது, அதனால் முதலில் அங்கே தெரிகிறது. அதை விலக்கிவிட்டு அதே தண்ணீரை ஊற்றினால் அடுத்த முறை ரேடியேற்றர், அதற்கடுத்தது வோட்டர் பம்ப்.

பின் ஹீற்றர் உள்ள டொல்பின்களில் இன்னொரு வில்லங்கம். அதற்கான இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியால் போகின்றன. உப்புக் காற்று அவற்றை வெளியிலிருந்து தின்னும். முன் கோரை மட்டும் பைபாஸ் பண்ணி அனுப்பிய வான், ஆளில்லாத இலவங்குளம் பாதையில் நின்றால் வான்காரர் நம்மைத்தான் ஏசுவார். பைபாஸ் பண்ணியதும் பிரஷர் ரெஸ்ரரைப் போட்டு, மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 0.9 பாருக்கு, ஏற்றிவிட்டுக் கால்மணி நேரம் தேநீர் குடியுங்கள். ஊசி இறங்கியிருந்தால் இன்னோரிடமும் ஒழுகுகிறது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், 1989இல் வந்த இந்த உருவத்தை விட்டுவிட நம் வான்காரர்களிடம் காசில்லை. பஞ்சிகாவத்தையில் கழற்றிய கோர் வாங்கினால், பொருத்துமுன் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

அந்த வானுக்கு நாங்களும் பைபாஸ்தான் செய்தோம். ஆனால் சுத்தத் தண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவி, கனிமம் நீக்கிய தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி ஊற்றி, ஹீற்றர் வேலை செய்யாது என்பதைப் பில்லில் எழுதிக் கொடுத்தோம். மலைநாட்டுக்கு வாடகைக்கு எடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். பனிமூட்டத்தில் கண்ணாடி துடைக்கத் துணியாவது எடுத்துப் போவார்.

வடித்த கூலன்டைக் கராஜுக்குப் பின்னால் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு. இனிப்பென்று நக்கும் நாய்க்கும் ஆட்டுக்கும் சிறுநீரகம் போய்விடும். அன்றைக்கு வாளியை மூட ஒரு பலகை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வான்காரருடைய ஆடு வந்து மூக்கை நீட்டியது.