கீழாநெல்லியும் தபால்காரரும்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவிலுள்ள எங்கள் வல்லத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் வயல் வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துவிடும். இலைக்கு அடியில் சிறு சிறு முத்துக்களைப் போல் காய் தொங்கும் அச்செடியை அறியாத குழந்தை எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது.

சென்ற வருஷம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அவனுடைய தாயார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் பையன் வகுப்புக்கு வந்துவிட்டான். "கீழாநெல்லிதான் ஐயா என் பிள்ளையைக் காப்பாத்துச்சு" என்றார் அந்த அம்மாள்.

பிறகு அவருடைய தம்பியின் விஷயம் வந்தது. ரத்ததானம் செய்யப் போன இடத்தில், அவருடைய ரத்தத்தில் ஈரலைத் தாக்கும் 'பி' வகைக் கிருமி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். உடம்பில் ஓர் உபாதையும் இல்லை. "பையனைக் குணப்படுத்திய செடி என்னைக் குணப்படுத்தாதா? ஆஸ்பத்திரி எதற்கு?" என்று என்னிடம் கேட்டார். அவர் மனைவியோ ஏழு மாதக் கர்ப்பிணி. ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியவில்லை.

காமாலை என்பது தனி வியாதியன்று. பெரும்பாலும் ஈரல் பழுதுபட்டிருப்பதற்கு அடையாளம். ஈரலைத் தாக்கும் முக்கியக் கிருமிகள் ஏ, பி, சி, டி, இ என ஐந்து. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். பையனுக்கு வந்தது அத்தகையதாகவே இருக்கலாம். செடியைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எழுந்திருப்பான். பி, சி வகைகள் அப்படியல்ல. ரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவக்கூடிய அவை, வருஷக்கணக்கில் ஓசையின்றி ஈரலை அரித்து, சிலரைப் புற்றுநோய் வரையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இதற்காக நம் செடியை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. 'பி' கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பாருக் பிளம்பெர்க்கே அதைப் பொருட்படுத்தினார். சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கிருமியைச் சுமந்தவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி, வேளைக்கு 200 மில்லிகிராமாகத் தினம் மூன்று வேளை 30 நாள் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிகை. செடியை உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

கேட்கும்போதே மார்பு விம்முகிறதல்லவா? ஆயினும் விஞ்ஞானம் ஒரு தடவை கண்டதோடு திருப்தியடைவதில்லை. தாய்லாந்தில் நடந்து 1990-ல் வெளியான சோதனையில் அப்பலன் கிட்டவில்லை. ஆகவே 'பி' வியாதிக்கு அச்செடியே போதுமென்று நம்பியிருப்பதற்கில்லை. இதில் நமக்கு அவமானம் ஒன்றுமில்லை. பாட்டி வைத்தியத்தை நம்மவரே தராசில் நிறுத்துப் பார்த்தார்களே, அதுவே பெருமை.

இதற்கிடையில் மருந்துகள் வேறு வழியில் முன்னேறின. விழுங்கிய மருந்து உடம்பெங்கும் பரவுகிறது. ஈரலுக்காகக் கொடுத்தது சிறுநீரகத்தையும் எலும்பையும் வருத்தலாம். 'பி' கிருமியை அடக்கும் டெனோபோவிர் என்ற மருந்தில் இந்தக் குறை இருந்தது. ரசாயன நிபுணர்கள் அதற்குப் புதிய உறை ஒன்றைப் போட்டார்கள். நல்ல தபால்காரர் வழியில் எவரிடமும் கடிதத்தைப் பிரித்துக் காட்டாமல் உரியவரிடம் சேர்ப்பதுபோல, அந்த உறை ரத்தத்தில் எளிதில் பிரிவதில்லை. ஈரல் அணுவுக்குள் இருக்கும் நொதிப்பொருள்தான் அதைப் பிரிக்கிறது. பழைய வடிவில் தினம் 300 மில்லிகிராம் வேண்டியிருந்தது; 2016-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற புதிய வடிவில் 25 மில்லிகிராமே போதுமானதாயிற்று. 'சி' வகைக்கான ஸோபோஸ்புவிரும் இதே யுக்தியில் பிறந்ததுதான். வேறொரு மருந்துடன் சேர்த்து அதைப் பெரும்பாலும் 12 வாரம் உண்டால், மிகப் பலர் பூரண குணமடைகிறார்கள். 'பி' கிருமியையோ மருந்து அடக்கி வைக்கும். அடியோடு களைவது அரிது.

இவ்வளவையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இதற்கான பரிசோதனையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம் என்றும் சொன்னேன். அரை மனத்தோடுதான் மனைவியை அழைத்துக்கொண்டு முண்டியம்பாக்கம் போனார். மருந்து இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதத்துக்கொரு முறை வந்தால் போதும் என்றார்கள். மனைவியின் ரத்தத்தில் கிருமி இல்லை. குழந்தை பிறந்ததும், 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய தடுப்பூசி தவறாமல் போடப்பட்டது.

பையனின் தாயார் இன்றும் வரப்பில் கீழாநெல்லி பறிக்கிறார். நான் தடுப்பதில்லை. "யாருக்கம்மா காமாலை? ரத்தம் பார்த்தாயிற்றா?" என்று மட்டும் கேட்கிறேன். நேயர்களும் தங்கள் வீடுகளில் இந்தக் கேள்வியை முதலில் கேட்கும்படி வேண்டுகிறேன்.