கணிப்பு வேறு, மக்கள் தீர்ப்பு வேறு!

தேர்தல் நெருங்கினால் குறிசொல்வோர்க்கும் வேலை வந்துவிடுகின்றது. குடுகுடுப்பையும் கிளியும் செய்த பணியை இன்று விழுக்காடுகளும் வரைபடங்களும் செய்கின்றன. தம் கட்சி முந்துகின்றது என மேடைதோறும் முழங்குவோர், அவ்வெண் எவரிடம், எந்நாளில், எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டது என்பதை மட்டும் மறந்தும் சொல்வதில்லை.

கருத்துக் கணிப்பு தன்னளவில் பொய்யன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் முன்னோர் அறிவே அதற்கும் அடிப்படை. ஆயின் பானையை நன்கு கிளறியபின் எடுத்த சோறாக அஃது இருத்தல் வேண்டும். ஓராயிரம் பேரைச் சார்பின்றித் தேர்ந்து வினவினாலும், விடை ஏறத்தாழ 3 விழுக்காடு ஏறவோ இறங்கவோ கூடும் என்பது புள்ளியியல் கண்ட உண்மை. அங்ஙனமாக, 2 விழுக்காடு முந்திவிட்டோம் என ஆர்ப்பரிப்பது அறியாமை; அறிந்தே ஆர்ப்பரிப்பின் அது வஞ்சகம்!

இவ்வஞ்சகம் முதலில் வீழ்த்துவது அதனைக் கையாள்வோரையே. 1948-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், கேலப்பு நிறுவனம் அக்தோபர் முடியுமுன்பே வினவுதலை நிறுத்திக்கொண்டு, தியூவிக்கு 49.5, திரூமனுக்கு 44.5 விழுக்காடு என்றது. கைக்கு வந்த வெற்றியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று, தியூவி எதனையும் அழுத்திச் சொல்லாமல் பொதுமொழிகளையே பேசித் திரிந்தார். திரூமனோ தொடர்வண்டியில் நாடு முழுதும் சென்று மக்களோடு நேர்நின்று பேசினார். முடிவில் திரூமன் பெற்றது 49.6; தியூவி பெற்றது 45.1. தியூவி வென்றார் எனத் தலைப்பிட்டு முந்திக்கொண்ட 'சிக்காகோ திரிப்யூன்' இதழைத் திரூமனே உயர்த்திப் பிடித்து நகைத்தார்.

இந்தியாவிலும் இக்கதை நிகழ்ந்தது. 2003 திசம்பரில் மூன்று மாநிலங்களை வென்ற களிப்பில், பாரதிய சனதா ஆட்சி மக்களவையைக் காலத்திற்கு முன்பே கலைத்தது. கணிப்புகளும் அதற்கே வெற்றி கூறின. 'இந்தியா ஒளிர்கிறது' எனக் கோடிகள் கொட்டி விளம்பரம் செய்தனர். அவ்வொளி எட்டாத சிற்றூர்களின் உள்ளத்தை எவரும் அறிந்திலர். 1999-இல் 182 இடம் பெற்ற அக்கட்சி 2004-இல் 138 ஆகச் சுருங்கியது. பேராயக் கட்சி 145 பெற்று ஆட்சி அமைத்தது.

2024 சூன் 1 அன்று வெளிவந்த வாக்குச்சாவடிக் கணிப்புகள் பல, ஆளுங்கூட்டணிக்கு 350-க்கும் மேற்பட்ட இடங்கள் என்றன. கிடைத்தவை 293, பாரதிய சனதாவுக்குத் தனித்து 240. கணிப்பை நம்பிச் சூன் 3 அன்று ஏறிய மும்பைப் பங்குச் சந்தைக் குறியெண், மறுநாள் 4,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. பொய்த்த எண்ணுக்கு விலை கொடுத்தவர்கள், முந்திய நாள் அதனை நம்பிப் பங்கு வாங்கியவர்கள்.

இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. 'வெல்பவர் இன்னார், உம் வாக்கை வீணாக்காதீர்' என்று எண்ணைக் காட்டி மிரட்டுவது, வாக்காளனின் எண்ணுதலையே பறிப்பதாகும். மக்கள் கருத்தை அறிய வந்த கருவி, மக்கள் கருத்தை ஆக்கும் கருவியாக மாறுவது குடியாட்சிக்கு இழுக்கு.

ஆகவே எந்தக் கணிப்பு வரினும் நான்கு வினாக்களை எழுப்புக: பணம் கொடுத்தவர் யார்? கேட்கப்பட்டோர் எத்தனை பேர்? அவர்கள் எவ்வெவ் ஊரினர், எவ்வெத் தொழிலினர்? கேட்ட நாள் எது? விடையில்லையேல் அவ்வெண்ணைப் புறந்தள்ளுக. வாக்கு, வெல்லும் குதிரைமேல் கட்டும் பந்தயப் பணம் அன்று. அது நம் அறிவின் முத்திரை. அதனைக் கணிப்பாளர் கையில் ஒப்படையோம்!