அக்கரையில் ஓய்வு

வட்டவளைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். அவருடைய தந்தையார் அடுத்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்றார். இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று என்பது நேயர்கள் அறிந்ததே. முப்பத்தைந்து ஆண்டுகள் அம்மழையில் நனைந்த முழங்கால்களுக்கு இனி வெயில் வேண்டுமாம். சேமலாப நிதியையும் சேர்விஸ் காசையும் பெற்றுக்கொண்டு, பாட்டனார் பிறந்த திருச்சிச் சீமையில், எஞ்சிய காலத்தைக் கழிக்க அவர் எண்ணுகின்றார். "அங்கே செலவு குறைவு என்கிறார்கள். எங்கள் பணம் போதுமா?" என்பது மாணவரின் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சேர்விஸ் காசு என்று தோட்டங்களில் வழங்கும் பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி நாட்சம்பளத் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் சேரவேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாயை வைத்துப் பெருக்கினால், 35 ஆண்டுகளுக்கு 661,500 ரூபாய் வருகின்றது. சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8உம் முதலாளி நூற்றுக்கு 12உம் செலுத்துகின்றனர். ஆயின் அது அவ்வக் காலத்துச் சம்பளத்தின்மீது செலுத்தப்பட்டது. 2009இல் அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபாயாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது. எல்லாம் சேர்த்துத் தாராளமாக 15 இலட்சம் என்றே கொள்வோம்.

அண்மைக் காலத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு நம் ரூபாய் ஏறத்தாழ மூன்றரை கொடுக்கவேண்டியுள்ளது. ஆகவே 15 இலட்சம் கடலைத் தாண்டியதும் நாலேகால் இலட்சமாகச் சுருங்கும். அதனை வங்கியிலிட்டு நூற்றுக்கு 7 வட்டி பெற்றாலும் மாதம் 2,500 ரூபாய்தான். வாடகை, மருந்து, மண்ணெண்ணெய் என்று மூன்றை எழுதியவுடனேயே காகிதம் நிறைந்துவிடும். முதலை எடுத்து வீடு கட்டினாலோ, அந்த வட்டியும் இல்லை.

இதிலும் கொடியது, பணத்தை மாற்றும் நாள் நம் கையில் இல்லாமை. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாய்; அவ்வாண்டு மே மாதத்தில் 360. அதே 15 இலட்சம் சனவரியில் ஐந்தரை இலட்சம் இந்திய ரூபாயாகவும், மே மாதத்தில் மூன்றேகால் இலட்சமாகவும் இருந்திருக்கும். ஒருவர் ஆயுள் முழுதும் கொழுந்தேற்றிச் சேர்த்ததில் ஐந்தில் இரண்டு பங்கு, நான்கு மாதங்களில் எவர் கையும் படாமலே போயிற்று!

இது நம் மலைநாட்டுக்குப் புதிய பாடமன்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்தது. பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். அவர்களை ஏற்றிச் சென்ற தலைமன்னார் இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. பெயர் வைத்தவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது போலும். ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உடைமைக்கு விதிக்கப்படும் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறைதலாகாது என்று ஒப்பந்தம் கூறிற்று. அதிகாரபூர்வ நாணய விகிதத்தில் 1975இல் அத்தொகை 4,000 இந்திய ரூபாய்க்கும் மேற்பட்டது. 1977 நவம்பரில் நம் ரூபாய் டொலருக்கு 16 என்று இறங்கியபின், அது ஏறத்தாழ இரண்டாயிரம்தான். அண்ணன் முன்னே போனான், தம்பி பின்னே போனான். ஒரே மலையில் ஒரே அளவு உழைத்த இருவருக்கும் கிடைத்த முதுமை வேறு வேறு.

அக்கரையில் பலர் சிறு வியாபாரத்துக்கென வாங்கிய கடனை, அனுபவமின்மையாலும் இடைத்தரகராலும் இழந்தனர். பின்னர் தமக்குத் தெரிந்த தேயிலையையே தேடி நீலகிரிக்கு ஏறினர். தாயகம் திரும்பியோர்க்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இன்றைய 'டேன்டீ' அதுவே. ஓய்வு தேடிப் போன முதியவர் மீண்டும் கூடை சுமந்த கதைகளை நாமும் கேட்டிருக்கின்றோம்.

அன்று போனவர்களுக்கு இந்தியக் குடியுரிமையேனும் இருந்தது. மாணவரின் தந்தையார் இலங்கைக் குடிமகன். அவர் விசாவில் தங்கும் அந்நியராவார். 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட தமிழக முதியோர் உதவித்தொகை அவருக்கு எட்டாது. வம்சாவளி அட்டை ஒன்று உண்டு. அதற்கு மூதாதையரின் பூர்வீகத்தைப் பத்திரங்களால் நிறுவவேண்டும். கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள் பத்திரமா கொண்டுவந்தார்கள்?

இலண்டனிலிருந்து ஊர் திரும்ப எண்ணும் நம்மவர்க்கும் ஒரு செய்தி. பிரித்தானிய அரச ஓய்வூதியம், இலங்கையிலோ இந்தியாவிலோ குடியேறினால், அன்றைய அளவிலேயே உறைந்து நின்றுவிடும், ஆண்டுதோறும் உயராது. விலைவாசியோ உறைவதில்லை. வெளிநாட்டு முதியோரை இங்கு அழைக்க நம் அரசு அறிவித்த விசாத் திட்டம், 15,000 டொலர் வைப்புடன் மாதம் 1,500 டொலர் வருமானமும் கேட்டது. முதியவர் ஒருவருக்கு மாதந்தோறும் வருவாய் வேண்டும் என்பதை அரசாங்கமே உணர்ந்திருக்கின்றது; நாம் மட்டும் மொத்தத் தொகையைக் கண்டு மயங்குகின்றோம்.

மேலும், தோட்டத்தில் வாழும்போது கணக்கில் வராத வரும்படி பல உண்டு. லயத்துக்குப் பின்னே மரக்கறிப் பாத்தி, கொட்டிலில் ஒரு பசு, வாடகை கேளாத காம்பரா. நோய் வந்தால் இரவிலும் தூக்கிச் செல்லப் பக்கத்துக் காம்பரா இளைஞர். இவற்றைத் திருச்சியில் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கவேண்டும். பிள்ளைகள் பெயர் தோட்டத்தில் இல்லையெனில், விட்டுச்சென்ற காம்பரா திரும்பக் கிடைப்பதும் அரிது.

ஆதலின் நம் கருத்து இது. தந்தையார் திருச்சிக்குப் போகட்டும். ஆனால் முதலில் விருந்தாளியாக, சுற்றுலா விசாவில், பனிக்காலத்து மாதங்களில் போகட்டும். உறவினரின் அன்பு மூன்றாம் மாதத்தில் எப்படியிருக்கின்றது என்பதையும் அங்கே கண்டுகொள்ளலாம். சேமலாப நிதியை மொத்தமாக மாற்றாது, பெரும்பகுதியை இங்கேயே வைப்பிலிட்டு மாத வட்டி பெறுவது நலம்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் மாணவர் இவ்வாரமே செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. தோட்டப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் தந்தையாரின் பெயர் ஒரே எழுத்தில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 'ராமசாமி' ஓரிடத்தில் 'ராமையா'வாக இருந்தால் பணம் கைக்கு வரவே மாதக்கணக்கு ஆகலாம். திருத்தத்துக்குத் தோட்டக் காரியாலயத்தின் கடிதம் வேண்டும். அதனைத் தந்தையார் இன்னும் வேலையில் இருக்கும்போதே கேட்பது எளிது.