வாழைக்கு ஒரு பாய்ச்சல், நெல்லுக்கு ஒரு பாய்ச்சல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்)

கொள்ளிடக் கரையோரம் நடந்து சென்றால் ஒருபுறம் வாழைத் தோட்டம். மறுபுறம் நெல் வயல். இரண்டுக்கும் பாய்வது ஒரே வாய்க்கால் நீர்தான். ஆனால் நெல்லுக்குத் தேக்குவது போல் வாழைக்கும் நீரைத் தேக்கினால் கிழங்கு அழுகிப் போகும். இதை அறியாத உழவர் இல்லை. வாழை அழுகிவிட்டால், 'இந்த வாழைக்கு அறிவில்லை' என்று எந்த உழவரும் சொல்வதுமில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் நாம் அப்படிச் சொல்கிறோம். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை, ஒரே வேகத்தில், ஒரே முறையில் பாய்ச்சிவிட்டு, தேறாத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டுகிறோம். இது எந்த வகையில் நியாயம்?

நூலகத்தில் புரட்டிய புத்தகங்கள் மட்டும் இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பவில்லை. என் வீட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறான். அவன் என் தம்பி.

ஒரு வீட்டுப் பிள்ளைகள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஸ்ரீரங்கத்தில் பூக் கட்டுகிறார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று தெருவே கூடி வாழ்த்தியது. 'இந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கு' என்றார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அதே வாயால், பக்கத்தில் நின்ற தம்பியைக் காட்டி, 'இவனுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்' என்றும் சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். வீட்டில் மின்விசிறி நின்றால் அதைக் கழற்றிப் பார்ப்பவன் அவன்தான். அம்மா கட்டி வைத்த பூவைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை முழம் என்பான். அளந்து பார்த்தால் விரற்கடை தவறாது. ஆனால் எழுத்து மட்டும் அவனுக்கு வசப்படவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகும் 'படம்' என்பதைப் 'பட்டம்' என்பான். நேற்றுப் படித்த சொல் இன்று அவனுக்குப் புதுச்சொல். ஸ்ரீரங்கத்திலிருந்து போகும் பேருந்தை எண்ணைக் கொண்டு அறிவான். பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கமாட்டான்.

எனக்கு மனப்பாடம் வந்தது, அவனுக்கு வரவில்லை. எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு இவ்வளவுதான். பள்ளியின் முறை தற்செயலாக எனக்குப் பொருந்திவிட்டது. அதனால் நான் 'அறிவாளி' ஆனேன். அவன் 'மக்கு' ஆனான். 2023-இல் ஒன்பதாம் வகுப்பில் தேறாமல் நின்றுவிட்டான். இன்று பதினாறு வயதில் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை பார்க்கிறான்.

எழுத்து எளிதா?

'தமிழ் எழுத்துதானே, இதில் என்ன கடினம்?' என்று கேட்கலாம். நம் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். 'கொ' என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது ககரம். கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. அதற்குப் பிறகு ககரம். அதற்கும் பிறகு கால். வாயால் சொல்லும் வரிசை ஒன்று, கையால் எழுதும் வரிசை வேறு. நமக்கெல்லாம் பழகிப் போனதால் இது தெரிவதில்லை. ஒலியையும் வடிவையும் இணைப்பதில் இயல்பாகவே தடுமாறும் குழந்தைக்கு, ஒவ்வொரு கொம்பும் ஒரு வேலிதான்.

இத்தடுமாற்றம் மருத்துவ உலகுக்குப் புதிதன்று. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் தேர்ந்தவன், பேச்சில் கெட்டிக்காரன், ஆனால் படிக்க வராது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாகவும் அம்மருத்துவர் குறித்தார். டிஸ்லெக்சியா என்று இன்று வழங்குவது இதைத்தான். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலேயே இதற்கென மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது. ஆனால் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் இது இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகைகளுள் ஒன்றாகக் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்பதையும் சேர்த்தது.

என் தம்பிக்கு இருப்பது இதுதானா என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் அவனை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று ஒன்பது ஆண்டுப் பள்ளி வாழ்வில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. 'மண்டையில் களிமண்' என்று சொன்னவர் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தம்பி கடைசி பெஞ்சில் இருந்தான்.

பாயும் பெஞ்சும்

தம்பியின் தொடக்கப்பள்ளி நாள்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்போது தமிழகத்தில் செயல்வழிக் கற்றல் முறை நடைமுறையில் இருந்தது. ஆந்திர மாநிலம் ரிஷி பள்ளத்தாக்கின் சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான முறை அது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. நானும் அதில் படித்தவன்தான். தரையில் பாய் விரித்து, சிறுசிறு குழுக்களாக அமர்வோம். சுவரின் அடியில் எங்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. ஏணிப்படியில் அவரவர் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் பத்தாவது படியில் இருப்பான். அவன் பக்கத்தில் இருப்பவன் நான்காவது படியில் இருப்பான். அதனால் ஒருவருக்கும் இழுக்கில்லை.

நல்ல முறைதான். ஆனால் ஆசிரியர் வேண்டுமே! 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்! நான்காவது படியிலேயே ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் நின்றால், ஏன் நிற்கிறது என்று குனிந்து பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?

ஆறாம் வகுப்புக்குப் போனதும் பாயும் போயிற்று, அட்டையும் போயிற்று. பெஞ்சு வந்தது, தடித்த புத்தகம் வந்தது, எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திறக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்த ஏணியைத் தம்பியின் காலடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு மறு ஆண்டே கொரோனா வந்து பள்ளியும் மூடிற்று.

திண்ணையில் நடந்த அதிசயம்

பள்ளிகள் மூடியதால் விட்டுப்போன கல்வியை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. முதற்கட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள்; மாலையில் ஒன்றரை மணி நேரம். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்ட என் அக்கா தன்னார்வலரானார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை கிடைத்தது. பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்.

எட்டாம் வகுப்பிலிருந்த தம்பியை அக்கா மாணவனாகக் கூப்பிடவில்லை. 'டேய், ஆத்து மணல் கொஞ்சம் கொண்டு வா. சின்னப் பிள்ளைங்க கையைப் பிடிச்சு எழுத வை' என்றார். அவன் மணலைச் சலித்து முறத்தில் பரப்பினான். ஒரு சிறுமியின் விரலைப் பிடித்து 'ப' எழுதினான். பிறகு 'பா', பிறகு 'பெ'. மறுநாளைக்கு எந்த எழுத்து என்று முதல் நாள் இரவே அக்காவிடம் கேட்டு, மணலில் தானே பத்து முறை எழுதிப் பார்ப்பான். படிக்கிறோம் என்ற அச்சம் அவனுக்கில்லை. சொல்லிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு இருந்தது. கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து, விரலுக்குப் பிடிபட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் நானும் அவனும் பேருந்துக்கு நின்றிருந்தோம். வந்த வண்டியின் பலகையைப் பார்த்து, 'சத்... சத்தி... சத்திரம்' என்றான். ஏறி உட்கார்ந்த பிறகும் நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

இதிலொரு வரலாறும் உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப்புறப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அப்படியே செய்தார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கினார். இங்கிலாந்து சென்று அதை நூலாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பரவியது. ஆக, மணலும் சட்டாம்பிள்ளையும் நம் திண்ணைப் பள்ளியின் சொத்து. அதற்காகப் பழைய திண்ணையை நான் போற்றிப் பாட மாட்டேன். அந்தத் திண்ணையில் பிரம்பும் இருந்தது. எங்களைப் போன்றோர் பலரை ஏறவிடாத சாதியும் இருந்தது. திண்ணை வேண்டும், எல்லாரும் ஏறும் திண்ணையாக வேண்டும்.

எங்கள் திண்ணையும் நீடிக்கவில்லை. அக்காவுக்குத் திருமணம் ஆயிற்று; வேறு ஊர் போனார். தம்பி ஒன்பதாம் வகுப்புக்குப் போனான். மீண்டும் பெஞ்சு, மீண்டும் தடித்த புத்தகம். முடிவைத்தான் முன்பே சொன்னேன். ஒரு குழந்தையின் கல்வி, அக்காவின் திருமணத் தேதியை நம்பியா இருக்க வேண்டும்?

இரண்டு மறுப்புகள்

'இத்தகைய பிள்ளைகளுக்கென்று சிறு குழு மாற்றுப் பள்ளிகள் இருக்கின்றனவே' என்று சிலர் சொல்வர். இருக்கின்றன. ஆனால் மூட்டைக் கூலியில் அங்கே கட்டணம் கட்ட முடியாது. மேலும், ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து ஒரு பிள்ளையைத் தனியே வைப்பது, அதற்கு இன்னொரு முத்திரை குத்துவதாகவும் முடியலாம். மாற்றுப் பள்ளி அரசுப் பள்ளிக்கு வெளியே இருந்தால் அது சிலருக்குச் சலுகை. அரசுப் பள்ளிக்குள்ளே இருந்தால் அது எல்லாருக்கும் உரிமை.

'போராடிப் பெற்ற சமச்சீர்க் கல்வி என்னாவது?' என்று வேறு சிலர் கேட்பர். இது நியாயமான அச்சம். முதல் தலைமுறை மாணவன் என்ற முறையில் எனக்கும் அந்த அச்சம் உண்டு. ஏழைக்கொரு பாடம், பணக்காரனுக்கொரு பாடம் என்ற நிலை மீண்டும் வரக்கூடாது. ஆனால் சமச்சீர் என்பது சேரும் இடத்தைப் பற்றியது. நடக்கும் வேகத்தைப் பற்றியதன்று. ஊர் ஒன்றாக இருக்கட்டும். வழி பலவாக இருக்கட்டும்.

நம்மால் முடியாததா? கற்பதற்கும் அச்சிடுவதற்கும் இடையூறாக இருந்த எழுத்து வடிவங்களைத் தந்தை பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் மாற்றிக் காட்டினார். 1978-இல் தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது, தமிழ் அழிந்துவிடவில்லை. எழுத்தையே மாற்றிக்கொண்ட நாம், எழுத்தைக் கற்பிக்கும் வகுப்பறையை மாற்றிக்கொள்ளத் தயங்கலாமா?

செய்ய வேண்டியவை

2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழுவாக்கியது. 2025-இல் ஆறாம் வகுப்புக்கு மேலும் அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்கென 'திறன்' திட்டம் வந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அட்டையும் பயிற்சி நூலும் மட்டும் பிள்ளையைக் கவனித்துவிடாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும். மூன்றாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளையின் படிப்புத் தடையையும் கண்டறியும் ஏற்பாடு வேண்டும். கண் பார்வையைச் சோதிப்பது போல் அது இயல்பான ஒன்றாக வேண்டும். சட்டம் தரும் உதவிகளைப் படிக்காத பெற்றோரிடமும் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. முகாமில் மரம் நடுகிறோம். சாலையைச் சுத்தம் செய்கிறோம். வாரத்தில் இரண்டு மாலை, அருகிலுள்ள தெருக்களில் ஆளுக்கு ஐந்து பிள்ளைகளோடு அமர்ந்தால் என்ன? நம்மில் பலரும் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் ஏறி வந்த படிக்குப் பக்கத்திலேயே வழுக்கி நின்ற ஒரு தம்பியோ தங்கையோ நம்மில் பலருக்கும் இருக்கக்கூடும்.

என் தம்பி பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறான். பட்டறையிலிருந்து இரவு எட்டு மணிக்கு வருவான். கையில் கிரீசு மணக்கும். நான் பாடத்தை வாய்விட்டுப் படிப்பேன், அவன் கேட்பான், பிறகு திருப்பிச் சொல்வான். நான் இரண்டு நாள் உருப்போட்ட பாடத்தை அவன் ஒருமுறை கேட்டே சொல்லிவிடுகிறான். எழுதும்போதுதான் நேரம் ஆகிறது. எங்கள் வீட்டு மூலையில் அந்த மணல் முறம் இன்றும் இருக்கிறது. அம்மா அதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவதில்லை.