புது டிஸ்குக்குக் குடிபோன லேப்டாப்

திண்டிவனத்தில் என் நாத்தனார் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. (2011-ல் தொடங்கிய திட்டம்.) கொஞ்ச நாளாகத் திறக்கவே பத்து நிமிஷம், உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வேறு. அவள் பையன் முதன்முதலில் நடந்தது, மறைந்த என் மாமியாரின் குரல் எல்லாம் அதற்குள்தான்!

"அத்தை, எல்லாத்தையும் காப்பி பண்ணிப் புது டிஸ்க்ல போட்டுட்டா போதாதா?" என்றாள்.

போதாது, சகோதரிகளே. படங்கள் வந்துவிடும்; விண்டோஸ் அப்படி வராது. ஆன் செய்ததும் மெஷின் தேடுகிற 'பூட்' பகுதி சாதாரண காப்பியில் விட்டுப்போகும். இதில் சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸும் கூடவே இருந்தது. முழு டிஸ்கையும் அச்சாக நகலெடுக்க வேண்டும். 'குளோன்' என்கிறார்கள்.

பஸ் பிடித்து விழுப்புரம் போனோம். ரிப்பேர் கடைப் பையன் உடனே வேலையை ஆரம்பிக்கப் பார்த்தான். "இரு தம்பி, முதல்ல படங்களை பென் டிரைவ்ல எடுத்துக் குடு" என்றேன். சத்தம் போடுகிற டிஸ்க் நகலெடுக்கும்போதே நின்றுவிடலாமே!

பழைய டிஸ்க் 320 ஜிபி. நிரம்பியிருந்தது 90 தான். அதனால் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போதுமென்றான். சுழலும் தட்டு இல்லாததால் வேகம். நகலெடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இப்போது ஒரு நிமிஷத்துக்குள் திறக்கிறது. பழைய டிஸ்கை அழிக்க விடவில்லை. ஒரு மாசம் போகட்டும் என்று பீரோவில் வைத்திருக்கிறேன்.