ஜன்னல் சீட் சுகம்... பிடரியில் சிக்கு! நீள முடி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலையில் கல்லூரிக்கோ வேலைக்கோ பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னல் சீட் கிடைத்தால் கொண்டாட்டம்தான். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும் நேரம் போக, வழி முழுக்கக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே வரும். வெயில் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கிளிப்பைக் கழற்றிச் சீப்பை வைக்கும்போதுதான் தெரியும். பிடரியில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சிக்கு. சீப்பு உள்ளே போகாது. போனால் வெளியே வராது.

''இதுக்குத்தான் சொன்னேன், தோள் வரைக்கும் வெட்டிக்கோன்னு!'' என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

முடி வளர்க்க ஆசைப்படுகிற பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ''எனக்கு முடியே வளர மாட்டேங்குது'' என்பது எல்லோரும் சொல்லும் புகார். உண்மையில், பெரும்பாலானவர்களுக்கு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே முடி வளர்கிறது. வருடத்துக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர். வேரில் அவ்வளவு வளர்ந்தும், நுனியில் அதே அளவு உடைந்துகொண்டிருந்தால் முடி தோள்பட்டையிலேயே நிற்கும். அந்த உடைசல் பெரும்பாலும் அவசர அவசரமாகச் சிக்கெடுக்கும் ஐந்து நிமிடத்தில் நடக்கிறது. (அதிகபட்சம் எவ்வளவு நீளம் வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. எல்லோருக்கும் முழங்கால் வரை வந்துவிடாது.)

மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த ஒருவருக்கு மறுபடி இடுப்பு வரை முடி வர ஐந்து வருடமாவது ஆகும். அப்படியென்றால் நுனியில் இருக்கும் முடிக்கு ஐந்து வயது. ஐந்து அக்னி நட்சத்திரம் பார்த்த முடி! வேர்ப்பக்க முடியை இழுக்கும் அதே வேகத்தில் அதையும் இழுத்தால் தாங்குமா?

பாத்திரக்காரர் சொல்லும் பாடம்

சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுருட்டிக் கவரில் சேர்த்துவைத்து, ''முடிக்குப் பாத்திரம்'' என்று கூவி வருபவரிடம் போடும் பாட்டிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த முடிக்குக் கிடைப்பது சின்னக் கிண்ணம்தான். திருப்பதியிலும் பழநியிலும் திருத்தணியிலும் மொட்டையடித்துச் சேரும் நீளமான முடியோ ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிறது. இரண்டும் மனித முடிதான். பிறகு ஏன் இந்த விலை வித்தியாசம்?

கோயில் முடி கொத்தாக, வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று வரிசை மாறாமல் கிடைக்கும். சீப்பு முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்து கிடக்கும். அதைத் தொழிலாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாக வேண்டும். அப்படிப் பிரித்துக் கட்டினாலும் மறுபடி சிக்கு விழும் என்பதால், சில இடங்களில் அமிலக் கலவையில் முக்கி மேல்தோலையே எடுத்துவிடுகிறார்கள்.

சிக்கு எப்படி விழுகிறது என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முடியின் மேலும் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வேரிலிருந்து நுனியை நோக்கி அவை படிந்திருக்கும். உதிர்ந்த நீள முடி ஒன்றை எடுத்து, இரு விரல்களுக்கு நடுவே வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அப்படியே நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள். விரலில் லேசாகச் சொரசொரக்கும். எதிரெதிர் திசையில் இரண்டு முடிகள் உரசும்போது, இந்தச் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. டை, ஸ்ட்ரெய்ட்டனிங், வெயில் என்று அடிபட்ட முடியில் செதில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஒரே வீட்டில் அக்காவுக்குச் சிக்கே விழாது, தங்கைக்கு மட்டும் தினமும் விழும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பின்னலுக்குள்ளும் கொண்டைக்குள்ளும் அவை கீழே விழாமல் அங்கேயே தங்கிவிடும். பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் தலை வாராமல் கொண்டையோடு இருந்தால், நான்காம் நாள் உள்ளே இருநூறு முந்நூறு தனி முடிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். சிக்கெடுக்கும்போது கொத்தாக வருவதைப் பார்த்து, ''ஐயோ, முடி கொட்டுதே!'' என்று அலறுவார்கள். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே உதிர்ந்து மாட்டியிருந்த முடி. பயந்துபோய் வாருவதையே தள்ளிப்போட்டால், அடுத்தமுறை கொத்து இன்னும் பெரிதாகத்தான் வரும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும்...

பள்ளிக்கூட நாளில் எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டிய தலை. பத்து, பன்னிரண்டு வருடம் சிக்கு என்றால் என்னவென்றே தெரியாமல் போயிருக்கும். தினமும் அம்மா பின்னிவிட்டதால், உதிர்ந்த முடி அன்றன்றே வெளியேறிவிட்டது. மடித்துக் கட்டியதால் நுனி எங்கேயும் உரசவில்லை. கல்லூரி சேர்ந்த முதல் வாரமே எண்ணெய் போய்விடுகிறது, ரிப்பன் போய்விடுகிறது, முடி விரிந்துவிடுகிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில் முடியை விரித்துப் போட ஆசை இருக்காதா என்ன? பஸ் பயணத்துக்கு மட்டும் பள்ளிக்கூடப் புத்தியைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டால் போதும். ஏறும்முன் தளர்வாக ஒரு பின்னல். இறங்கிய பிறகு அவிழ்த்து விரலால் கோதிவிட்டால் முடிந்தது. ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்கு உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொண்டு, வெளியே தொங்கும் முடியைப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடலாம்.

சிக்கு அதிகம் விழும் இடம் பிடரி. சட்டைக் காலர், பேக் வார், செயின் கொக்கி, துப்பட்டாவில் தைத்த மணி எல்லாம் கூடி உரசும் இடம் அதுதான். மொட்டைக்கோ பாய் கட்டுக்கோ பிறகு வளர்ப்பவர்களுக்கு, முடி காலரைத் தொடும் அந்தச் சில மாதங்கள் பெரிய சோதனை. பின்னவும் வராது, விடவும் முடியாது. இரண்டு பக்கமும் சின்னக் கிளிப் போட்டுக் கழுத்தைவிட்டு மேலே தூக்கி வைத்தால் அந்தக் காலம் கடந்துவிடும். புற்றுநோயாளிகளின் விக்குக்குக் கொடுப்பதற்காக முடி வளர்க்கும் பையன்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் கஷ்டம்.

சீப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால், வழியில் உள்ள சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழே தள்ளப்பட்டு ஒரே முடிச்சாக இறுகும். நுனியிலிருந்து நான்கு விரற்கடை மேலே தொடங்குங்கள். அது சுத்தமானதும் இன்னும் நான்கு விரற்கடை மேலே போங்கள். சிக்குக்கு மேலே முடியை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது, வலியும் இருக்காது. அகலப் பல் சீப்பு நல்லது. பேன் சீப்பு பேனுக்கு மட்டும்தான். சிக்கெடுக்க அதை எடுக்காதீர்கள்.

இறுகிய முடிச்சைச் சீப்பால் வெல்ல முடியாது. பழைய வீடுகளில் சிணுக்கோலி என்று கூர்முனைக் கோல் ஒன்று இருக்கும். முடிச்சின் நடுவில் அதைச் செருகி, நான்கைந்து முடியாக வெளியே தளர்த்துவார்கள். இப்போது வால் சீப்பின் காம்பு அதே வேலையைச் செய்யும். விரல் நுனியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ கொஞ்சம் கண்டிஷனரோ தடவிக்கொண்டு, டிவி பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்தால் பிரியாத முடிச்சு குறைவு.

ஈரத் தலையில் வாரக் கூடாது என்று பாட்டி சொன்னது சரிதான். நனைந்த முடி ரப்பர்போல நீளும், வலுவும் குறையும். தலைக்குக் குளிக்கப் போகும்முன்பே சிக்கெடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். சுருட்டை முடிக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. காய்ந்த சுருளை வாரினால் உடையும் என்பதால், கண்டிஷனர் வழுவழுப்பு இருக்கும்போதே விரலாலோ அகலப் பல் சீப்பாலோ பிரிப்பது அவர்களுக்கு நல்லது. துவட்டும்போது துண்டைப் போட்டுக் கரகரவென்று தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள். பழைய காட்டன் வேட்டித் துண்டு இதற்கு அருமை.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் போர் தண்ணீர்தான். மரக்காணம் பக்கம் கடலை ஒட்டிய ஊர்களில் கேட்கவே வேண்டாம். கடினத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால், சோப்பும் தண்ணீரில் உள்ள கால்சியமும் சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். பக்கெட் ஓரத்தில் படியும் அதே அழுக்கு! சோப்பைத் தவிர்த்து ஷாம்பூவோ சீயக்காயோ போடுங்கள். கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீரில் அலசினாலே வித்தியாசம் தெரியும். செம்பருத்தி இலையை அரைத்துப் பிழிந்த வழுவழு சாறு நல்ல சிக்கெடுப்பான். இலைத் துணுக்கு தங்காமல் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். முட்டை பூசுபவர்கள் வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், தலையிலேயே பொடிமாஸ் தயாராகிவிடும்.

எண்ணெயில் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனி இடம் உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் அந்த எண்ணெயின் மூலக்கூறு முடிக்குள் ஊடுருவும் தன்மை கொண்டது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, நுனி வரை தடவினால் போதும். வழிய வழிய வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் புழுதிதான் ஒட்டும்.

சிக்கு சடையாகும்போது

சில சமயம் விஷயம் சீப்பைத் தாண்டிவிடும். டைபாய்டோ டெங்குவோ வந்து பத்து நாள் தலையணையோடு கிடந்தவர், பிரசவத்துக்குப் பிறகு தலை வார நேரமே கிடைக்காத பெண், படுக்கையில் இருக்கும் பாட்டி, தலை நிறையப் பேனோடு திரியும் குழந்தை... இவர்கள் தலையில் முடி ஒட்டி, உருண்டு, கட்டை போலாகிவிடும். மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடும் இந்த மாவட்டத்தில், ''சடை விழுந்திருக்கு, ஆத்தா வந்திருக்கா, கை வைக்காதே'' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். தானே விரும்பிச் சடை வளர்ப்பது அவரவர் நம்பிக்கை. காய்ச்சலில் விழுந்த சிக்கைப் பயத்தால் தொடாமல் விடுவது வேறு விஷயம். உள்ளே வியர்வை, அழுக்கு, பேன் சேர்ந்து புண்ணாகும். பாரத்தில் கழுத்து வலிக்கும்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியது அல்ல. போலந்தில் சில நூறு ஆண்டுகள் இதே பயம் இருந்தது. சடையை வெட்டினால் கண் போகும், புத்தி பேதலிக்கும் என்று நம்பினார்கள். 19-ம் நூற்றாண்டில் கிராகோ நகர மருத்துவர் யூசெஃப் டீட்டெல், இது நோயே அல்ல, பராமரிப்பு இல்லாததால் வருவது என்று வலியுறுத்தினார். மகாராஷ்டிராவில் நந்தினி ஜாதவ் என்ற செயற்பாட்டாளர், நூற்றுக்கணக்கான பெண்களிடம் பொறுமையாகப் பேசி, அவர்கள் சம்மதத்தோடு சடையை நீக்கியிருக்கிறார்.

நன்றாக வாரிப் பின்னிக்கொண்டிருந்த பெண் திடீரென்று வாரங்கணக்கில் தலையைத் தொடாமல் இருந்தால், ''சோம்பேறி'' என்று திட்டும் முன் பக்கத்தில் போய் உட்காருங்கள். மன அழுத்தத்தில் இருப்பவர்கள் முதலில் கைவிடுவது குளியலும் தலை வாருவதும்தான். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம். அதற்கும் தயக்கம் என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கட்டையாகிவிட்ட சிக்கையும் மொட்டையடித்துத்தான் தீர்க்க வேண்டும் என்பதில்லை. எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாக ஊற்றி, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டு மூன்று நாள் ஆகட்டும். தலையில் புண்ணோ வீக்கமோ இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கத்தரி எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் முடிச்சைக் குறுக்கே வெட்டாதீர்கள். கத்தரி முனை நுனியைப் பார்க்கும்படி பிடித்து, முடிச்சை நீளவாக்கில் இரண்டு மூன்றாகக் கீறிவிட்டு, அங்கிருந்து விரலால் பிரித்தால் பாதி முடியாவது நீளத்தோடு தப்பிக்கும்.