நாலு வருஷம் மண் அள்ளின ஊர்

போன பொங்கலுக்கு நெய்வேலியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். வாசலில் வேப்பமரம், அகலமான தெரு, சத்தமே இல்லை. நண்பர் சுரங்கத்தில் இன்ஜினீயர். காபி வருவதற்குள் பஞ்சாயத்து வந்துவிட்டது.

''நீங்களே கேளுங்க சார். காலேஜ் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. என்னடா படிச்சேன்னு கேட்டா, கோடு போட்டேங்கறான். கோடு போடறதுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் வேற!''

மகன் வெளியூரில் ஓவியம் படிக்கிறான். எந்தக் கல்லூரி என்பது நமக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து கப் வாங்கியே பழகியவன். ஷோ கேஸில் ஏழு கப் இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

மெதுவாகக் கேட்டேன். ''என்னப்பா பிரச்னை?''

''கிளாஸ்ல முப்பது பேர் அங்கிள். முப்பது பேருமே அவங்கவங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட். என் படத்தை சுவத்துல மாட்டி, எல்லார் முன்னாடியும் சார் சிரிச்சார். இது காலண்டர் படம், இதையெல்லாம் மறந்துட்டு வான்னார். அடுத்த வருஷம் பேசாம பி.காம். சேர்ந்துடறேன்.''

அம்மாவின் முகத்தில் நிம்மதி. அப்பா, 'அப்பவே சொன்னேன்ல' என்பதுபோல் பார்த்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. மூன்று பேர் மேலும்!

முதலில் அப்பாவுக்கு வருகிறேன். சார், உங்கள் ஊரின் கதையை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1956-ல் உங்கள் நிறுவனம் ஆரம்பித்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். முதல் நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நாலு வருஷம் என்ன நடந்தது? மண் அள்ளினார்கள். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீரை ராப்பகலாக இறைக்கவும் வேண்டியிருந்தது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். இன்றைக்கும் ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. இது உங்கள் தினசரி ஷிஃப்ட் வேலை. மண் அள்ளியதை வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் சும்மா விடுவீர்களா?

நாலு வருஷப் படிப்பில் ஆறு மாசம் கோடு போட்டவனிடம் மட்டும், 'நிலக்கரி எங்கே?' என்று கேட்கிறீர்கள்!

இத்தனைக்கும் உங்கள் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டிருப்பவர் நெய்வேலி சந்தானகோபாலன். 2020-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி. பாட்டுக்குப் போகும் குழந்தை முதலில் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, அப்புறம் அலங்காரம் என்றுதான் போகும். மாசக் கணக்கில் 'ஸரிகம' பாடினால் நாம் ரசிக்கிறோம். அந்த 'ஸரிகம'வைப் பென்சிலில் போட்டால் மட்டும், 'கிறுக்கிக்கிட்டு இருக்கான்' என்கிறோம். இது என்ன நியாயம்?

ஜெர்மனியில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி இன்றைய டிசைன் படிப்புகளுக்கெல்லாம் தாத்தா. அங்கே யாரும் நேராகப் பட்டறைக்குள் போய்விட முடியாது. முதலில் முன்பயிற்சி. யோசெப் ஆல்பர்ஸ் என்கிற ஆசிரியர் பழைய செய்தித்தாள்களைக் கொடுத்து, இதை வைத்து ஏதாவது செய்து காட்டுங்கள் என்பாராம். பேப்பரை மடித்து, வெட்டி, நிற்கவைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். கண்ணையும் கையையும் புதிதாகப் பழக்குவதுதான் முதல் வருஷம். அதில் காட்டுவதற்குக் கப் கிடைக்காது.

'சரி சார், இது சோறு போடுமா?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கருக்கும் இதே கவலை இருந்தது. அதனால்தான் 1966-ல் தன் மாணவர்களோடு சேர்ந்து சோழமண்டலம் கலை கிராமத்தை உருவாக்கினார். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் வாழ்ந்துகொண்டே அவர்கள் ஓவியம் வரைந்தார்கள். சோறு கிடைத்தது. கௌரவமும் கிடைத்தது. ஆனால், முதல் செமஸ்டரில் கிடைக்கவில்லை.

இரண்டாவது கோபம், சிரித்த வாத்தியார் மேல். விமர்சனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாருடைய படத்தையும் சுவரில் மாட்டிப் பேசுவது நல்ல பழக்கம்தான். படத்தில் எந்தக் கோடு தப்பு, ஏன் தப்பு என்று சொல்லுங்கள். பதினெட்டு வயசுப் பையனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 'தெரிஞ்சதை எல்லாம் மறந்துட்டு வா' என்கிறீர்களே, எதை மறப்பான்? முந்திரிக் காட்டையா, அம்மா போட்ட கோலத்தையா, ராத்திரியில் விளக்கு எரிய மண்ணைக் கடித்துக்கொண்டிருக்கும் ராட்சத இயந்திரத்தையா? நெய்வேலியில் அள்ளிய மண்ணை யாரும் தூக்கி எறிந்துவிடுவதில்லை. அதைக் கொண்டுதான் தோண்டிய குழியை நிரப்புகிறார்கள். மேலே மரம் வளர்க்கிறார்கள். காலண்டர் படத்தைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் வரையக் கற்றுக்கொண்டோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கல்லூரிகளுக்கும் ஒன்று. ஃபீஸை மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பேப்பர், கலர், பிரஷ், பிரின்ட் அவுட் என்று மாசா மாசம் பையன் வீட்டில் கை நீட்டும்படி வைக்காதீர்கள். என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று சேரும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்க முடியாதவனுக்குக் கல்லூரியே கொடுக்கட்டும். கலர் வாங்கக் காசில்லாமல் ஒதுங்கி நிற்கிறவனைத் 'திறமை போதாது' என்று எழுதி அனுப்புவது அநியாயம்.

மூன்றாவது கோபம், பையன் மேல். ஆமாம் தம்பி, உன் மேலும்தான். ஏழு கப் உன்னைக் கெடுத்து வைத்திருக்கிறது. முப்பது பேரும் ஃபர்ஸ்ட் என்பது கெட்ட செய்தி என்று யார் சொன்னது? உன்னைவிட நன்றாக வரைகிறவன் பக்கத்து பெஞ்சில் ஓசியில் கிடைத்திருக்கிறான். போய் உட்கார்ந்து பாரு. 'மூடு வந்தாத்தான் வரைவேன்' என்று செல்போனில் ஊரான் படங்களைத் தள்ளிக்கொண்டே கிடந்தால் மூடு வராது, தூக்கம்தான் வரும். தினம் ஒரு பக்கம் வரை. அசிங்கமாக இருந்தாலும் கிழிக்காதே. தேதி போட்டு வை. சுவரில் மாட்டியது உன் படம். நீ இல்லை. அதைத் திட்டினால் காதைக் கொடு, கண்ணீரைக் கொடுக்காதே. முக்கியமாக, பயமாக இருந்தால் யாரிடமாவது சொல்லு. அடியில் முட்டும் தண்ணீரை அன்றாடம் இறைத்துவிட வேண்டும். தேக்கி வைத்தால் என்ன ஆகும் என்பது உங்க ஊர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பி.காம். ஒன்றும் மட்டமான படிப்பு இல்லை. பிடித்துப் போனால் சந்தோஷமாகப் போகலாம். ஒரு வாத்தியாரின் சிரிப்புக்கும் ஒரு அப்பாவின் கணக்குக்கும் பயந்து போகக் கூடாது. அவ்வளவுதான்.

கிளம்பும்போது நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். ''அடுத்த லீவுக்கு வரும்போது மார்க் என்னன்னு கேக்காதீங்க. நோட்டை எடுத்துட்டு வாடான்னு சொல்லுங்க. முதல் பக்கத்துல இருந்து பொறுமையாப் புரட்டுங்க.''

''கோடுதானே சார் இருக்கும்?''

''இருக்கட்டுமே. முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியுதான்னு பாருங்க. எத்தனை அடி தோண்டியிருக்கான்னு உங்களுக்குத் தெரியாமப் போயிடுமா?''

நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனால், பையன் எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தான்.